அப்பா பெயர் ஒட்டிய குழாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வாயால் சொல்லப் போனால் நடுவில் யாராவது குறுக்கே பேசுவார்கள்.

1. அக்கா மகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். இறங்கியது. மறுபடி வந்தது. மறுபடி கீழாநெல்லி.

2. அடுத்த முறை கண் மஞ்சளோடு காலும் வீங்கியது. அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

3. மதுரையில் ஈரல் டாக்டரிடம் காட்டினோம். கிருமி எதுவும் இல்லை என்றார். மிச்சம் இரண்டு சந்தேகங்கள் என்றார். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

4. எது என்று பிரித்துச் சொல்ல ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர் கேட்டார். அது கெட்டது. எப்படிக் கெட்டது என்பதைக் கீழே எழுதுகிறேன். இங்கேயே எழுதினால் கோபத்தில் வரிசை தவறிவிடும்.

5. பிள்ளையின் மரபணுவைப் படிக்க ரத்தம் அனுப்பினோம். பாதி விடை வந்தது.

6. மீதிப் பாதிக்கு அம்மா அப்பா ரத்தம் கேட்டார்கள். இரண்டு குழாய்கள் போயின.

7. அப்பாவின் ரத்தத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்று அறிக்கை வந்தது.

8. அந்த ரத்தம் அப்பாவுடையது இல்லை.

ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே போன நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நாட்களில் ஈரல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

நான் மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரத்தக் குழாயில் ஒட்டிய பெயரும் உடன் வந்த சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் நாளின் முதல் வேலை. பொருந்தாத குழாயை மிஷினில் ஏற்ற மாட்டேன். எவ்வளவு பெரிய டாக்டர் போன் பண்ணிச் சத்தம் போட்டாலும் ஏற்ற மாட்டேன். இந்தப் பிடிவாதத்துக்காக அங்கே எனக்கு நல்ல பெயரும் உண்டு, கெட்ட பெயரும் உண்டு.

அக்காவைத் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில் உள்ளே தள்ளிய ஓர் ஊரில் கட்டிக் கொடுத்தோம். அத்தான் லாரி ஓட்டுகிறார். கேரளாவுக்கு லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அவருடைய அண்ணன், நான் பெரிய அத்தான் என்று கூப்பிடுகிறவர், ஊரிலேயே லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் மூத்தவர் அவர்களுடைய அக்கா. எனக்கு மதினி முறை. உள்ளூரிலேயே வாக்கப்பட்டு எதிர்வீட்டில் இருக்கிறார். தம்பிகள் இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என்பதால் அந்த இரண்டு வீட்டிலும் அவர் சொன்னதுதான் சட்டம். அக்காவுக்கு மகள் ஒன்று, ஐந்தாவது படிக்கிறாள். மகன் ஒன்று, பால்வாடிக்குப் போகிறான்.

டாக்டர் சொன்ன இரண்டு சந்தேகங்களில் ஒன்று, உடம்பின் காவல் சக்தியே தடம் மாறித் தன் ஈரலைத் தானே தாக்குவது. மற்றது, சாப்பாட்டில் வருகிற தாமிரத்தை வெளியே தள்ள முடியாமல் அது ஈரலிலேயே தங்கிவிடுவது. முதல் நோய்க்குக் காவல் சக்தியை அடக்கும் மருந்து. இரண்டாவதற்குத் தாமிரத்தை வெளியே இழுக்கும் மருந்து, அதுவும் ஆயுள் முழுக்க. ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. “தப்பான வழியில போய்ட்டோம்னா, திரும்பி வர்றதுக்குள்ள ஈரல் இருக்காதும்மா” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஊசி விட்டு ஈரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம் என்றால் அவளுக்கு ரத்தம் உறைவது சரியாக இல்லை. அதனால் ரத்தத்திலும் சிறுநீரிலும் தெரிகிற குறிகளை வைத்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் குறிகளோ ஒன்றுகூட நேராகப் பேசவில்லை. முதல் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் கொஞ்சம் இருந்தது, ஆனால் போதாது. தாமிரத்தைச் சுமந்து திரியும் புரதம் கொஞ்சம் குறைந்திருந்தது, அதுவும் போதாது. தாமிரம் தேங்கினால் கண்ணில் வரும் வளையம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரியவில்லை. ஈரல் மட்டும் கெட்ட பிள்ளைகளுக்கு அது தெரியாமலும் இருக்கலாமாம். எங்கள் கூடத்தில் தினமும் நூறு பேருக்கு எண் போட்டு அனுப்புகிறேன். எண் வந்தால் விடை வந்துவிட்டது என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் ஒரு நாள் சிறுநீரில் எவ்வளவு தாமிரம் போகிறது என்று பார்க்கச் சொன்னார். நானே எங்கள் கூடத்திலிருந்து கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் கேன் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட வேண்டும், அதன் பிறகு மறுநாள் காலைவரை எல்லாவற்றையும் இதில் பிடிக்க வேண்டும், வேறு எதுவும் இதில் படக்கூடாது. மூன்றே விஷயம். அக்காவைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். சரியாகச் சொன்னாள்.

வந்த எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “என்னம்மா, இந்தப் பிள்ள கரண்டு வயரத் திங்குதா?” என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

“கேன்லதானக்கா பிடிச்சீங்க?”

“கேன்லதான்டி குடுத்துவிட்டோம்.”

“குடுத்துவிட்டது கேன்ல. பிடிச்சது எதுல?”

ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

“அந்தக் கேனுக்கு வாய் இத்தனூண்டு இருக்குல்ல. பொம்பளப் பிள்ள எப்படிடி அதுல போகும்? மதினிதான் அவுக வீட்டுத் தாமிரச் சொம்பக் குடுத்தாக. அதுல பிடிச்சு, அதுல ஊத்துனோம். நல்லா புளி போட்டு வெளக்கித்தான்டி குடுத்தாக.”

புளி போட்டு விளக்கிய தாமிரச் சொம்பு. சிறுநீரில் தாமிரத்தைத் தேடும் பரிசோதனைக்கு உலகத்தில் எந்தப் பாத்திரம் ஆகவே ஆகாதோ அதைத் தேடி எடுத்து, ஆகாத முறையில், தாமிரம் இன்னும் கரையும்படி விளக்கி, மரியாதையோடு கொடுத்திருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டுச் சாமான்களில் உயர்ந்தது. நோயாளிப் பிள்ளைக்கு என்று உயர்ந்ததை எடுத்திருக்கிறார்கள். அதனால் திட்டவும் முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது மிச்சமும் தெரிந்தது. தாமிரப் பாத்திரத் தண்ணீர் ஈரலுக்கு நல்லது என்று மதினியின் போனுக்கு வீடியோ வந்திருக்கிறது. காமாலை கண்ட நாளிலிருந்து பிள்ளைக்கு ராத்திரி ஊற்றிவைத்த சொம்புத் தண்ணீர்தான் காலையில் முதல் ஆகாரம். வியாழக்கிழமை சந்தையில் ஆட்டு ஈரல் வாங்கி வந்து வதக்கியும் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் கெட்டால் ஈரல் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தாமிர நோயாக இருந்தால் விலக்க வேண்டிய பொருட்களில் ஆட்டு ஈரல் முதலில் வரும்.

“சொம்ப எடுத்துப் பரண்ல போட்டுட்டேன், போதுமா?” என்றார் மதினி. “என்னமோ நாங்க பிள்ளைக்கு வெசத்தக் கரச்சுக் குடுத்த மாதிரி பாக்க.”

“அப்படி எல்லாம் பாக்கல மதினி.”

“பின்ன? மூஞ்சிய வந்ததுல இருந்து அப்படித்தான வச்சிருக்க.”

சொம்பை நிறுத்திக் கொஞ்ச நாள் விட்டு மறுபடி சிறுநீர் சேர்த்தோம். இந்த முறை அகல வாய்ப் பிளாஸ்டிக் டப்பா நானே வாங்கிக் கொடுத்தேன். எண் நடுவில் வந்து நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. டாக்டர் வீக்கத்துக்கு மட்டும் மாத்திரை எழுதிவிட்டு, தாமிரத்தை வெளியேற்றும் மரபணுவைப் படித்துவிடலாம் என்றார். எங்கள் கூடத்தில் அந்த வசதி இல்லை. வெளியூரில் ஒரு பெரிய கூடத்துக்கு ரத்தம் போனது.

விடை பாதியாக வந்தது என்று சொன்னேன் அல்லவா, அதை அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து விளக்கினேன். மரபணு என்ற சொல்லை முதலில் சொன்னதும் பெரிய அத்தான் எழுந்து ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். அதனால் மோட்டார் என்று மாற்றினேன்.

“ஒரு கிணத்துல ரெண்டு மோட்டார் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு எறச்சிரும். ரெண்டும் கெட்டாத்தான் நோவு. பிள்ளகிட்ட ரெண்டு எடத்துல கோளாறு இருக்கு. அந்த ரெண்டும் ஒரே மோட்டார்லயா, இல்ல ஆளுக்கொரு மோட்டார்லயான்னு தெரியல. ஒரே மோட்டார்ல ரெண்டு கோளாறுன்னா மத்தது நல்லா ஓடும், அப்ப இது தாமிர நோவு கெடையாது. ஆளுக்கொண்ணா இருந்தா இதுதான் நோவு. அம்மா ரத்தத்தையும் அப்பா ரத்தத்தையும் பாத்தா எது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சிரும்.”

துடைத்துக்கொண்டிருந்த பெரிய அத்தான் திரும்பினார். மோட்டார் என்றால் அவருக்குப் புரியும். “அப்ப கெட்ட மோட்டாரக் குடுத்தது யாரு?”

“நோவா இருந்தா ரெண்டு பேரும்தான் அத்தான்.”

“அதெப்படி? ஏதாவது ஒரு பக்கமாத்தான இருக்கும்.”

“சொந்தத்துல கட்டுனாத்தான் இப்படி வரும்னு டிவில சொன்னாக” என்றார் மதினி. “நாங்கதான் அசல்ல எடுத்தோமே. இப்பப் பாத்தா அசல்ல எடுத்ததுதான் வெனையாப் போச்சு போல.”

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் கொஞ்சம் கூடியது. அவ்வளவுதான்.

அவர்கள் மனதில் தங்கியது ஒன்றே ஒன்று. பரிசோதனை யார் பக்கம் என்று சொல்லப் போகிறது. என்ன மருந்து என்று சொல்லத்தான் அது என்பதை நான் நான்கு விதமாகச் சொன்னேன். நான்கையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

ரத்தம் எடுக்கும் நாளில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரத்தம் சேகரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கூரியர் சாயங்காலம் கிளம்பிவிடும், அதற்குள் இரண்டு குழாயும் அங்கே இருக்க வேண்டும் என்று அக்காவை அவசரப்படுத்தினேன். மத்தியானம் போன் போட்டேன். “ரெண்டும் குடுத்தாச்சுடி, பஸ்ஸுக்கு நிக்கோம்” என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அறிக்கை வந்தது. அக்காவிடம் ஒரு கோளாறு இருந்தது, நன்கு தெரிந்த, கெடுதல் என்று உறுதியான கோளாறு. அப்பா என்று எழுதிய குழாயில் இரண்டுமே இல்லை. பிள்ளையின் இரண்டாவது கோளாறு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மாதிரியின் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளவும் என்று கீழே ஒரு வரி.

அந்த வரியை அந்த வீட்டில் யாரும் படிக்கவில்லை. அம்மா: இருக்கிறது. அப்பா: இல்லை. இது போதும். போனில் வந்த தாளை மதினி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததாக அக்கா சொன்னாள். பால் ஊற்றப் போன இடத்தில், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் சொல்லியாயிற்று. தங்கள் பக்கம் சுத்தம், எல்லாம் மருமகள் கொண்டுவந்த சீக்கு. எங்கள் அம்மா அந்த ஊர்ப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். அக்கா போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்கு மட்டும் பதில்.

இதற்கு நடுவில் அந்தப் பெரிய கூடத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் பேசினார். ரொம்பத் தயங்கினார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபாதர் சாம்பிள் குடுத்தவர்… குழந்தைக்கு சொந்த அப்பாதானா?”

“ஆமாம்” என்றேன்.

“இல்ல மேடம், சில குடும்பத்துல…”

“இந்தக் குடும்பத்துல இல்லைங்க” என்று வைத்துவிட்டேன். அவர் கேட்டது அவருடைய வேலை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியை அக்காவின் வீட்டுக்கு எப்படி எடுத்துப் போவது? எடுத்துப் போனால் மதினியின் வாயில் அது என்னவாகி வெளியே வரும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. அதனால் கேட்கவில்லை. அதற்குப் பதில் குழாயின் பின்னால் போனேன். அருப்புக்கோட்டையில் ஒட்டிய ஸ்டிக்கர், கூரியர் பெட்டி எண், வெளியூரில் ஸ்கேன் ஆன நேரம், அங்கே எந்தத் தட்டில் எந்தக் குழியில் வைத்தார்கள் என்பதுவரை விசாரித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. குழாய் எங்கேயும் மாறவில்லை.

டாக்டரிடம் போய் நின்றேன். “அப்பா சாம்பிள் இப்படி இருந்தா, ரெண்டாவது கோளாறு பிள்ளகிட்டயே புதுசா வந்ததா, எந்தப் பக்கத்துல இருக்குன்னு என்னால முடிவு சொல்ல முடியாதும்மா” என்றார். வீக்க மாத்திரையை மட்டும் கூட்டி எழுதினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டாக்டரிடம் காட்டப் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருந்தேன். காரியாபட்டியில் பஸ் மாறி, வெயிலில் வேகிற கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே போய் இறங்கினேன். பெரிய அத்தான் ஆட்டோவை நிழலில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் டீ வந்தது. மதினியும் இருந்தார். மறுபடி ஊசியா என்று பிள்ளை சிணுங்கியது.

“ஊசின்னா இவளுக்குப் பயம்” என்றார் பெரிய அத்தான். “எனக்கு மட்டும் என்ன? அன்னைக்கு ஊசி போட்ட பிள்ள நரம்பத் தேடித் தேடிக் குத்துச்சு பாரு. ரெண்டு நாளு கையவே மடக்க முடியல. ஆட்டோல கியர் போட முடியல. தம்பி என்னன்னா பாலக்காட்டுல ஜாலியா டீ குடிச்சுக்கிட்டு இருக்கான்.”

“என்னைக்கு அத்தான்?”

“அதான், பிள்ளைக்கு ரத்தம் குடுத்தோம்ல அன்னைக்கு.”

“யாரு குடுத்தா?”

“நாந்தான். தம்பிக்குப் பதிலா.”

டம்ளரைக் கீழே வைத்தேன். அவர் ஒளிக்கவில்லை. பெருமையாகத்தான் சொன்னார். சட்டைக் கையை மடக்கி ஊசி போட்ட இடத்தைக்கூடக் காட்டினார்.

அக்காவைப் பார்த்தேன். “ஏன்டி அப்படிப் பாக்க?” என்றாள். “அவுக லோடு ஏத்திட்டு பாலக்காட்டுல இருந்தாக. கூரியர் போயிரும், போயிரும்னு நீதான் காலு வெந்த மாதிரி கத்துன. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தந்தான? ஆதார் காட்டச் சொன்னாக, போன்ல இருந்த அவுக ஆதாரக் காட்டுனோம். ரத்தம் எடுக்குற பிள்ளையும் பாத்துட்டுச் சரின்னுருச்சு.”

இதை அவர்கள் ஏமாற்று என்று நினைக்கவே இல்லை. அந்த வீட்டில் தம்பி லோடில் இருந்தால் அண்ணன் நிற்பார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு அவர்தான் போவார். சொந்தக்காரர் கல்யாணத்தில் தம்பி பெயரில் அவர்தான் மொய் எழுதுவார். கோயில் திருவிழாவில் தம்பி எடுக்க வேண்டிய தீச்சட்டியை ஒரு வருஷம் அவர்தான் எடுத்தார். சாமியே ஒத்துக்கொண்டது. ரேஷன் கடையில் கைரேகை மிஷின் வந்தபோதுதான் ஒருவருக்காக ஒருவர் நிற்க முடியாது என்று அவர்களிடம் முதன்முதலாக ஒரு பொருள் சொன்னது. அதற்கும் மிஷின்தான் சரியில்லை என்று ஒரு வருஷம் சண்டை போட்டார்கள்.

நான் கத்தவில்லை. கத்தினால் பேச்சு என் கத்தலைப் பற்றியதாகிவிடும். “இது செல்லாது. அத்தான் வந்து குடுக்கணும்” என்று மட்டும் சொன்னேன்.

“எதுக்கு?” என்றார் மதினி. “அவன் குடுத்தா என்ன, இவன் குடுத்தா என்ன? ஒரு வயித்துல பொறந்தவங்கதான?”

“ஒரு வயிறுதான் மதினி. ஆனா உங்க அப்பாகிட்ட ரெண்டு மோட்டார் இருந்திருக்கும். ஒண்ணு நல்லது, ஒண்ணு கெட்டதுன்னு வைங்க. பெரிய அத்தானுக்கு நல்லது வந்திருக்கலாம். சின்னவருக்குக் கெட்டது வந்திருக்கலாம்.”

“இப்ப எங்க அப்பாவ இழுக்கியாக்கும்? செத்து எத்தன வருசமாச்சு மனுசன். ஒரு நாளு தலவலின்னு படுத்ததில்ல.”

“கெட்டது ஒண்ணு இருந்தாலும் அவுகளுக்கு ஒண்ணும் செஞ்சிருக்காது. ஒண்ணு ஓடுனாப் போதும்னுதான சொல்றேன்.”

“ரிப்போர்ட் வந்தாச்சு. அதுல இல்லைன்னு போட்டிருக்கு. படிச்ச பிள்ள நீதான கொண்டாந்து குடுத்த? இப்ப உனக்குச் சாதகமா இல்லைன்னதும் மாத்தி எடுக்கணும்னு நிக்க.”

ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லி ஜெயித்த வழக்கை யார் மறுபடி திறப்பார்கள்? பாலக்காட்டிலிருந்த அத்தானுக்கு அங்கேயே போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். “பாப்போம்” என்றார். “எங்க அக்கா வேணாம்னு சொல்லுது. வண்டி ஊருக்கு வரட்டும், பாப்போம்.” வண்டி ஊர்ப் பக்கம் வந்தது. அருப்புக்கோட்டை தாண்டி குமாரலிங்கபுரம் பக்கம் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனது. அடுத்த தடவை பாப்போம் என்றார். எங்கள் கூடத்தில் குழாயை மிஷினில் ஏற்றும் ஒவ்வொரு காலையும் எனக்கு அந்தப் ‘பாப்போம்’ ஞாபகம் வந்தது.

கடைசியில் அவர் வீட்டுக்கு வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். அக்கா முதல் நாளே சொல்லியிருந்தாள். லீவு போட்டுவிட்டுப் போய்விட்டேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரிசை போட்டு வைத்திருந்தேன். அது எதுவும் தேவைப்படவில்லை.

அத்தானுக்கு ஒரு பழக்கம் உண்டு. மகளின் கால் நீளத்துக்கு ஒரு விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து லாரியில் ஸ்டியரிங்குக்கு மேலே செருகி வைத்திருப்பார். போகிற ஊரில் நல்ல செருப்பு கண்ணில் பட்டால் அந்த ஈர்க்கை வைத்து அளந்து வாங்குவார். அன்றைக்கும் வாங்கி வந்திருந்தார். சிவப்புச் செருப்பு, குறுக்கே இரண்டு வார். பிள்ளையைக் கட்டிலில் உட்கார வைத்து அவரே கீழே குந்திப் போட்டுவிட்டார்.

நீளம் சரியாக இருந்தது. வார் ஏறவில்லை.

வாரைத் தளர்த்தினார். கடைசி ஓட்டை வரைக்கும் தளர்த்தியும் ஏறவில்லை. கட்டைவிரலால் பாதத்தைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தார். விரலை எடுத்த இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எப்ப இருந்து?”

“போன்ல சொன்னேன்ல” என்றாள் அக்கா.

“வீக்கம்னு சொன்ன. இப்படின்னு சொல்லலயே.”

மதினி வாசலில் வந்து நின்றிருந்தார். “மாத்திர குடுக்காகல்ல, வடிஞ்சிரும் தம்பி. இதுக்காக நீ போய்…”

“ஏக்கா, செத்த சும்மா இரு” என்றார் அத்தான். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் மதினியிடம் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மதினியும் கேட்டதில்லை போல. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

“எங்க குடுக்கணும்?” என்று என்னிடம் கேட்டார் அத்தான்.

லாரியிலேயே அருப்புக்கோட்டைக்குப் போனோம். பைபாஸ் ஓரம் நிறுத்திவிட்டு நடந்தோம். ரத்தம் எடுக்கும் பெண் அத்தானைப் பார்த்துவிட்டு, “மேடம், போன தடவையும் இவருதான வந்தாரு?” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அதே மூக்கு, அதே மீசை. நான் ஆதார் அட்டையை வாங்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, படத்திலும் இருந்தது, முகத்திலும் இருந்தது. கொழுந்தியாள் தன்னைப் போலீஸ் மாதிரி பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். “நாந்தாம்மா, நம்பு” என்றார். ஊசி ஏறும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குழாயில் பெயரை நானே எழுதினேன். கூரியர்ப் பெட்டி மூடும்வரை அங்கேயே நின்றேன்.

இந்த முறை விடை முழுசாக வந்தது. இரண்டாவது கோளாறு அத்தானிடம் இருந்தது. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. பிள்ளையின் இரண்டு மோட்டாருமே கெட்டவை. டாக்டர் அறிக்கையை ஒரு முறைதான் படித்தார். பழைய எண்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லாம் இப்போது ஒரே திசையில் நின்றன. அன்றைக்கே மருந்து எழுதினார்.

செய்தியைச் சொல்ல ஊருக்குப் போனேன். மதினி திரும்பப் பேச ஆரம்பித்திருந்தார்.

“அப்ப ரெண்டு பக்கமும்னு சொல்லு.”

“அதத்தான மதினி மொதல்லயே சொன்னேன்.”

“எங்க சொன்ன? நீ மோட்டாருன்ன. கிணறுன்ன. தெளிவா சொல்லிருந்தா நாங்க ஏன் வேணாம்னு சொல்லப் போறோம்?”

பெரிய அத்தானுக்கு மட்டும் சந்தோஷம். அவருடைய ரத்தத்தில் இரண்டுமே இல்லை என்பது அச்சிட்ட தாளில் இருக்கிறது. குடும்பத்தில் சோதித்துப் பார்த்துத் தேறியவன் நான் ஒருத்தன்தான் என்று ஆட்டோவில் ஏறுகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். அந்தத் தாளில் இருப்பது தம்பியின் பெயர் என்று எடுத்துச் சொன்னேன். அதனால் என்ன என்கிறார்.

இப்போதைய நிலவரம் இது. பிள்ளை காலையும் மாலையும் வெறும் வயிற்றில் மருந்து சாப்பிடுகிறாள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஆட்டு ஈரலும் கடலையும் சாக்லேட்டும் கிடையாது. தாமிரச் சொம்பு பரணில்தான் இருக்கிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது, சிவப்புச் செருப்பு நடு ஓட்டையில் மாட்டுகிறது. ஈரல் எண்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, இன்னும் சரியான அளவுக்கு வரவில்லை. அவள் தம்பிக்கும் இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் அனுப்பியிருக்கிறோம். ஊருக்குப் போய் நானே எடுத்தேன். அறிக்கை இன்னும் வரவில்லை.